லேப்டாப்பில் இரண்டும் இருக்கட்டும், போனில் ஒன்றுதான் இருக்கும்

லேப்டாப்பில் லினக்ஸ் போடுவதும் போனில் ஆண்ட்ராய்டை வைத்துச் செய்த லினியேஜ் ஓஎஸ் போடுவதும் ஒரே மாதிரி வேலை என்று நினைத்துக்கொண்டு பலர் கடைக்கு வருகிறார்கள். இரண்டும் திறமூலம்தான், இரண்டுக்குள்ளும் இருப்பது லினக்ஸ் கெர்னல் என்ற மைய நிரல்தான். ஆனால் லேப்டாப்பில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே லினக்ஸை வைக்கலாம். பிடிக்கவில்லையா, ரீஸ்டார்ட் செய்து பழைய இடத்துக்கே போய்விடலாம். போனில் அந்த வசதி கிடையாது. பழையதை வழித்து எடுத்தால்தான் புதியது உட்காரும். அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் லேப்டாப், அதுவும் இரண்டு ஓஎஸ்ஸும் பக்கத்தில் இருக்கும் டூயல் பூட். அது கைக்குப் பழகிய பிறகு, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன். தினமும் பேசுகிற, பணம் அனுப்புகிற போனில் கை வைக்க வேண்டாம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ், டிடிபி, லேப்டாப் சர்வீஸ் மூன்றும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் நின்றது. அதிலிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, இதுல பதினொண்ணு ஏறாதாம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா?" விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸரும் வேண்டும். ஐந்தாம், ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப்புகள் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. அவற்றைத் தூக்கிப்போட ஒரு காரணமும் இல்லை. கீல் உடையாமல், டிஸ்ப்ளே நன்றாக இருந்தால் இன்னும் பல வருஷம் ஓடும்.

விண்டோஸ் எதற்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஓஎஸ் போடுவதற்கு முன் நான் கேட்பது, திங்கட்கிழமை காலையில் இந்த லேப்டாப்பைத் திறந்தால் முதலில் என்ன வேலை என்றுதான். பத்திரம் எழுதுகிறவர் என்றால் வானவில் அவ்வையார் எழுத்துருவில் பல வருஷக் கோப்புகள் வைத்திருப்பார். அந்தக் கோப்புகள் யூனிகோடில் இல்லை. எழுத்துருவை லினக்ஸில் காப்பி செய்து வைத்தால் படிக்கலாம். ஆனால் அதே பழக்கத்தில் தட்டச்சு செய்ய விண்டோஸில் ஓடும் கீபோர்டு மென்பொருள் தேவைப்படும். கடைக் கணக்கு என்றால் டேலி, ஸ்டுடியோ என்றால் போட்டோஷாப். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறவர்களுக்கும் விண்டோஸ் பக்கம்தான் சுலபம். இவர்களுக்கு டூயல் பூட்டே சரியான ஏற்பாடு. விண்டோஸை அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட், மெயில், பேங்க், யூடியூப் எல்லாம் லினக்ஸ் பக்கம் போகட்டும். அப்டேட் நின்றுபோன விண்டோஸை நெட்டில் மேயவிடாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

கல்லூரி மாணவர்கள், வீட்டில் பில் கட்டுகிறவர்கள், பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் முக்கால்வாசிப் பேருக்கு விண்டோஸ் தேவையே இல்லை. இருந்தாலும் முதல் ஆறு மாதமாவது டூயல் பூட்டிலேயே விடச் சொல்வேன். 128 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் இருக்கிற மெஷினில்தான் இரண்டையும் திணிக்காமல் ஒன்றை முடிவு செய்யச் சொல்வேன்.

டூயல் பூட் நம் ஊருக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. அந்த லேப்டாப் வாங்கிய பிள்ளைகளில் பலர் திரையில் வந்த இரண்டாவது வரியைத் திறந்தே பார்க்கவில்லை. சொல்லித்தர ஆள் இல்லை, அதுதான் காரணம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதும் அதற்காகத்தான்.

எந்த லினக்ஸ்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். 8 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் சினமன். 4 ஜிபி என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. விண்டோஸ் 7 பழகிய கைக்கு அதன் மெனு அன்னியமாகத் தெரியாது. 2 ஜிபி ரேம் உள்ள மெஷினுக்கு டெபியனில் எல்எக்ஸ்க்யூடி போடலாம். ரொம்பப் பழைய 32 பிட் பிராசஸர் என்றால் டெபியன் 12 வரைதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது.

பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓடும் லேப்டாப் என்றால், எந்த ஓஎஸ் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். வேகத்தில் அது கொடுக்கும் வித்தியாசத்தை எந்த ஓஎஸ்ஸும் கொடுக்காது.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியவை

பாதிப் பிரச்சினைகள் வருவது இந்த இடத்தை அவசரமாகத் தாண்டுவதால்தான்.

கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். டி டிரைவில் இருக்கிறதே என்று விடக்கூடாது. சி, டி எல்லாம் ஒரே டிஸ்க்கின் துண்டுகள்தான்.

அடுத்து பிட்லாக்கர், டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே, கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட் அமைப்பை மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்னொரு போனில் திறந்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் பாஸ்வேர்டே நினைவில்லை என்றால் அன்றைக்கு வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் இதை அணைத்துவிடுங்கள். இது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் பக்கமிருந்து சி டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடலாம்.

இப்போது இடம் ஒதுக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். சி டிரைவில் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். 60 ஜிபி தாராளம், 40 போதும். 200 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபிதான் தருவேன் என்று அது அடம் பிடிப்பது உண்டு. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். சிஸ்டம் ரெஸ்டோரையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள், வழி விடும். சுருக்கியதும் கருப்புப் பட்டையோடு ஒதுக்கப்படாத இடம் தெரியும். அதை அப்படியே விடுங்கள். அங்கே புது டிரைவ் உருவாக்கப் போகாதீர்கள். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது. ஐந்தாவது போடப் பார்த்தால் டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். ஆமாம் என்று கொடுத்தால் லினக்ஸ் போடுவது பெரிய தலைவலி ஆகிவிடும். ஏற்கெனவே நான்கும் நிரம்பிய டிஸ்க் என்றால், ஏதாவது ஒரு டிரைவைக் காலி செய்து அழித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பென்டிரைவ்

ஓஎஸ் முழுவதும் அடங்கிய மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபிக்குப் பக்கம் வரும். தினம் ஒன்றரை ஜிபி, 2 ஜிபி என்று டேட்டா கிடைக்கும் சிம்மில் இது ஒரு நாளில் முடியாது. டோரன்டில் போட்டால் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும். இறக்கியதும் மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த கோப்பை வைத்துக்கொண்டு இன்ஸ்டாலரைத் திட்டுவதைவிட இந்த இரண்டு நிமிஷம் மேல்.

விண்டோஸில் ரூஃபஸ் வைத்து 8 ஜிபி பென்டிரைவில் எழுதலாம். நான் வைத்திருப்பது வென்டாய். பென்டிரைவில் அதை ஒருமுறை போட்டுவிட்டால், ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா காப்பி செய்தால் போதும். மின்ட் இரண்டு வகை, டெபியன், ரிப்பேருக்கான ஒன்று என எல்லாம் ஒரே பென்டிரைவில் கிடக்கும், மெனுவில் எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் முதல் தடவை மட்டும் வென்டாயின் சாவியைப் பதிவு செய்யச் சொல்லி நீலத் திரை வரும், பயப்பட வேண்டாம்.

பூட் மெனு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9. ஏசரில் எஃப்12தான், ஆனால் பயாஸில் (ஓஎஸ்ஸுக்கு முன்னால் வரும் மெஷினின் செட்டிங்ஸ்) அதை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். அசூஸில் எஸ்கேப்.

பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும். இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல் அரை மணி நேரம் சும்மா பயன்படுத்துங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட், கேமரா, திரை வெளிச்சம் எல்லாவற்றையும் பாருங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் போனை டேட்டா கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், நெட் வந்துவிடும். இன்ஸ்டால் முடிந்த பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அந்த வைஃபை சிப்புக்கான டிரைவரை அதுவே காட்டும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பேட்டரி செத்து, சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்புகள் நம் பக்கம் நிறைய. பார்ட்டிஷனில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் விண்டோஸும் சேர்ந்து போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது மின்சாரம் என்ன பாடுபட்டது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. யூபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப்பிலும் தொடாதீர்கள்.

இன்ஸ்டாலரில் நிதானம் வேண்டிய ஒரே இடம்

மொழி, கீபோர்டு, வைஃபை எல்லாம் சாதாரணமாகப் போய்விடும். மல்டிமீடியா கோடெக் கேட்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். பிறகு எங்கே போடுவது என்று கேட்கும் திரை வரும். அதில் டிஸ்க்கை அழித்துப் போடும் வரியும் இருக்கும். டூயல் பூட் என்று வந்துவிட்டு அந்த வரியைத் தேர்ந்தெடுத்துப் பத்து வருஷப் போட்டோக்களை இழந்தவர்கள் உண்டு. விண்டோஸ் பக்கத்திலேயே போடும் வரி அதன் அருகிலேயே இருக்கும். நான் அதையும் எடுப்பதில்லை. 'சம்திங் எல்ஸ்' என்ற கடைசி வரியைத்தான் எடுப்பேன், என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம் என்பதால்.

அங்கே டிஸ்க்குகள் பட்டியலாக வரும். எஸ்டிஏ அல்லது என்விஎம்இ என்று தொடங்குவது உங்கள் உள் டிஸ்க். பென்டிரைவும் அதே பட்டியலில் எஸ்டிபி என்று நிற்கும், உள் டிஸ்க் என்விஎம்இ என்றால் பென்டிரைவே எஸ்டிஏ ஆகலாம், ஜிபி அளவைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். என்டிஎஃப்எஸ் என்று இருப்பவை விண்டோஸின் பார்ட்டிஷன்கள். 100 அல்லது 260 எம்பி அளவில் சின்னதாக ஒன்று இருக்கும், அதுதான் இஎஃப்ஐ. இரண்டு ஓஎஸ்ஸின் பூட் கோப்புகளும் அதில்தான் இருக்கப்போகின்றன, ஃபார்மேட் டிக் அதன் பக்கம் விழவே கூடாது. நீங்கள் விட்டுவைத்த காலி இடம் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியை அழுத்தி, எக்ஸ்ட்4 வகை, மவுன்ட் பாயின்ட் வெறும் சாய்கோடு, ஓகே. ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், மின்ட் அதைக் கோப்பாக வைத்துக்கொள்ளும்.

இன்ஸ்டால் நௌ அழுத்தியதும், எதையெல்லாம் ஃபார்மேட் செய்யப் போகிறேன் என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அந்தப் பெட்டியைப் படிக்காமல் யாரும் தாண்டக்கூடாது. ஃபார்மேட் ஆகப்போவது ஒரே ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷனாக இருக்க வேண்டும். வேறு எதுவும் அதில் தெரிந்தால் பின்னால் போங்கள். இந்தப் பெட்டி வரும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறியிருக்காது.

டிஸ்க்கே பட்டியலில் வரவில்லை என்றால், புது இன்டெல் லேப்டாப்புகளில் ஆர்எஸ்டி என்ற அமைப்பு ஆனில் இருக்கும். பயாஸில் போய் அதை ஏஎச்சிஐ என்று நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழுந்திருக்காது. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் ஒருமுறை எழுந்ததும் டிக்கை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் கீ கேட்டால் தாளில் எழுதி வைத்தது கையில் இருக்குமே.

போட்ட பிறகு

ரீஸ்டார்ட்டில் எந்த ஓஎஸ் என்று கேட்கும் கிரப் மெனு வரும், மேலே மின்ட், கீழே விண்டோஸ் பூட் மேனேஜர். மெனுவே வராமல் நேராக விண்டோஸ் போனால் பயாஸ் பூட் வரிசையைப் பாருங்கள். அங்கே மின்ட் என்று தேடாதீர்கள், 'உபுண்டு' என்ற பெயரில்தான் அது பதிவாகியிருக்கும். அதை மேலே ஏற்றிவிடுங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட் போட்ட பிறகு சிலசமயம் வரிசை மறுபடி மாறும், அப்போதும் இதே மருந்துதான்.

விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் டெர்மினலில் 'timedatectl set-local-rtc 1' என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

தமிழுக்குக் கீபோர்டு செட்டிங்ஸில் லேஅவுட் சேர்க்கும் இடத்திலேயே இன்ஸ்கிரிப்ட், தமிழ்99 இரண்டும் கிடைக்கும். ஆனால் அந்தத் தமிழ்99இல் தானாகப் புள்ளி விழாது. வேகமாகத் தட்டுகிறவர்கள் இன்புட் மெத்தட் பகுதியில் ஐபஸும் எம்17என் தொகுப்பும் போட்டுக்கொள்ளுங்கள். அதிலுள்ள தமிழ்99 நீங்கள் பழகியது போலவே நடக்கும். விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த கடிதத்தை லிப்ரே ஆபீஸில் திறந்தால் வரிகள் நகர்ந்து ஒரு பக்கம் இரண்டு பக்கமாகலாம். அலுவலகத்துக்குப் போகிற கடிதம் என்றால் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள். பழைய சிறிய லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்கு லினக்ஸில் டிரைவர் தொல்லை உண்டு. பிரிண்டர்தான் பிழைப்பு என்றால், பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கும்போதே அதையும் சோதித்துவிடுங்கள்.

டைம்ஷிஃப்ட் என்று மின்ட்டிலேயே இருக்கிறது. வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லி வையுங்கள். ஏதாவது அப்டேட்டுக்குப் பிறகு கோளாறு என்றால் முந்தைய நிலைக்கு அது கூட்டிப்போகும்.

போனுக்கு வருவோம்

லேப்டாப்பை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போனுக்கு ஓஎஸ் ஏற்ற ஏடிபி, ஃபாஸ்ட்பூட் என்று இரண்டு கருவிகள் வேண்டும். விண்டோஸில் அவற்றுக்கு டிரைவர் தேடி அலைய வேண்டியிருக்கும். மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடிப் போட்டால் பெரும்பாலான போன்களை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

தினப் போனில் ஏன் வேண்டாம் என்கிறேன்? பூட்லோடரை, அதாவது போனில் ஓஎஸ்ஸை எழுப்பும் பூட்டிய நிரலைத் திறந்த போனில் பேங்க் ஆப், யூபிஐ ஆப் சில வேலை செய்யாது. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்புச் சோதனையில் போன் தேறாது. இன்றைக்குத் திறக்கிற ஆப் நாளைக்கு மறுக்கலாம். மறைத்துக் காட்டும் தந்திரங்கள் நெட்டில் நிறையக் கிடக்கின்றன. பணம் போகிற போனில் நான் அவற்றைப் போட்டுத் தருவதில்லை. மீன் ஏலத்துக்கும் காய்கறிக் கடைக்கும் யூபிஐ வந்துவிட்ட ஊரில் அது நின்றால் அன்றைய வியாபாரமே நிற்கும். நெட் இல்லாமல் டயல் செய்து பணம் அனுப்பும் *99# வழி இருக்கிறதுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதில் காலம் தள்ள முடியாது.

அடுத்தது வோல்ட்இ, 4ஜி வழியாகவே பேசும் வசதி. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ வேலை செய்யாத ஓஎஸ்ஸில் ஜியோ சிம் போட்டால் நெட் வரும், பேச முடியாது. லினியேஜ் ஓஎஸ் அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் போன்களில் பொதுவாக வோல்ட்இ வரும். உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் போன்றவற்றில் பல போன்களில் வராது. இந்த இரண்டும் கற்றுக்கொள்ள ஆசைப்படும் மாணவர்களுக்கு அருமையானவை. உபுண்டு டச்சை 2017இல் கெனானிக்கல் கைவிட்டது, தன்னார்வலர்கள் சேர்ந்த யூபிபோர்ட்ஸ்தான் இன்றுவரை நடத்துகிறது. ஆனால் அப்பா, அம்மா கையில் கொடுக்கும் போனில் இவை வேண்டாம்.

லினியேஜ் ஓஎஸ்ஸின் விக்கியில் ஆதரவுள்ள போன்களின் பட்டியல் இருக்கிறது. கடைக்காரர் சொன்ன பெயரை நம்பாதீர்கள், செட்டிங்ஸில் அபௌட் போனில் மாடல் எண்ணைப் பாருங்கள். ரெட்மி நோட் 7, 7 புரோ இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி, உள்ளே வேறு வேறு போன். ஒன்றின் கோப்பு மற்றதில் ஏறாது. 2018இல் வந்த போக்கோ எஃப்1 இந்த வேலைக்குப் பெயர்போனது, செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடாதீர்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ வேறெங்குமோ பழைய போன் வாங்கும்போது, ஆன் செய்து பார்க்காமல், முந்தையவரின் கூகுள் கணக்கு நீக்கப்படாமல் வாங்காதீர்கள்.

பிக்சல், மோட்டோரோலா போன்களில் பூட்லோடர் திறக்க அதிகாரபூர்வ வழி உண்டு. ஷியோமியில் கணக்கைப் போனோடு இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் அனுமதிப்பதே இல்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பிக்சல் என்றால் ஒரு சோதனை அவசியம். செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, ஓஇஎம் அன்லாக்கிங் ஸ்விட்ச் நகர்கிறதா பாருங்கள். நெட் இணைப்பு கொடுத்தும் மங்கலாக நகராமல் இருந்தால், அது ஏதாவது தொலைபேசி நிறுவனம் பூட்டி விற்ற போனாக இருக்கலாம். அங்கேயே விட்டுவிடுங்கள்.

பூட்லோடரைத் திறந்ததும் போனில் உள்ளதெல்லாம் அழியும். போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப், போன் மெமரியில் உள்ள நம்பர்கள், ஓடிபி காட்டும் ஆப் எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கூகுள் கணக்கையும் போனிலிருந்து நீக்குங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். கேபிள் டேட்டா போகும் கேபிளா என்று பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்கள்தான் எல்லார் வீட்டிலும் கிடக்கின்றன. யூஎஸ்பி ஹப் வழியாக வேண்டாம், நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

அப்புறம் வரிசை: ஃபாஸ்ட்பூட்டில் பூட்லோடரைத் திறப்பது, லினியேஜின் ரெகவரியை (ஓஎஸ் ஏற்றுவதற்கான தனிச் சிறு அமைப்பு) ஏற்றுவது, ரெகவரிக்குள் போய் டேட்டாவை ஃபார்மேட் செய்வது, ஓஎஸ் ஜிப்பை ஏடிபி சைடுலோடு வழியாக அனுப்புவது. ஒவ்வொரு போனுக்கும் பட்டனும் கட்டளையும் மாறும். விக்கியில் உங்கள் மாடலுக்கான பக்கத்தை வரி வரியாகப் பின்பற்றுங்கள், யூடியூப் வீடியோவை நம்பி இறங்காதீர்கள். அனுப்பும்போது லேப்டாப் திரையில் 47 சதவீதத்தில் நின்று, ஃபெயில்ட் என்று தொடங்கி சக்சஸ் என்று முடியும் ஒரு வரி வரலாம். பலர் பதறிக் கேபிளைப் பிடுங்குவது இங்கேதான். போனின் திரையைப் பாருங்கள். அதில் பிழை எதுவும் இல்லை என்றால் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

கூகுள் பிளே வேண்டுமா என்பதை இந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். வேண்டும் என்றால் முதல் பூட்டுக்கு முன்பே கூகுள் ஆப் தொகுப்பையும் சைடுலோடு செய்துவிடுங்கள். ஒருமுறை பூட் ஆனபின் போட்டால் சரியாக உட்காராது, மறுபடி டேட்டாவை அழிக்க வேண்டும். வேண்டாம் என்றால் திறமூல ஆப்களின் கடையான எஃப்-ட்ராய்டு போதும். நியூபைப், ஆர்கானிக் மேப்ஸ், ஃபென்னெக், தமிழுக்கு ஹெலிபோர்டு எல்லாம் அங்கே கிடைக்கும். ஆர்கானிக் மேப்ஸில் நம் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், புயலில் டவர் விழுந்தாலும் வழி காட்டும்.

லினியேஜ் ஏற்றிய போனில் பூட்லோடரை மறுபடி பூட்டப் பார்க்காதீர்கள், போன் எழுந்திருக்காமலே போகலாம். பிக்சலில் கிராஃபீன் ஓஎஸ் போட்டால் மட்டும் கதை வேறு. அது பூட்டிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. பிரவுசரிலிருந்தே ஏற்றலாம், பூட்டுவதும் அந்த வரிசையிலேயே ஒரு படி. திறமூல ஓஎஸ்ஸில் பேங்க் ஆப் ஓரளவு ஓட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது அதைத்தான், அது ஆதரிக்கும் பிக்சல் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால். அதிலும் எல்லா ஆப்பும் ஓடாது. உங்கள் பேங்க்கின் ஆப்பை முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

லினியேஜில் அப்டேட் போனுக்குள்ளேயே அப்டேட்டர் வழியாக வரும், வந்ததும் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு பதிப்பே மாறும்போது மட்டும் அப்டேட்டரில் வராது. லேப்டாப்பில் செருகி, விக்கியின் அப்கிரேடு பக்கத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். கூகுள் தொகுப்பு போட்டவர்கள் அதே பதிப்புக்கான புதுத் தொகுப்பையும் கூடவே ஏற்ற வேண்டும். என்னிடம் கொண்டுவருவதாக இருந்தால் போனோடு கேபிளையும், கூகுள் பாஸ்வேர்டு நினைவுள்ள ஆளையும் கூட்டி வாருங்கள்.